விசா வரும்வரை எல்லை தாண்டித் துணையைப் பார்த்து வருவது எப்படி: கனடாத் தமிழருக்கு ஒரு வழிகாட்டி

“ஸ்பொன்சர் போட்டாச்சு. முடிய எத்தனை மாதம் செல்லுமோ தெரியாது. அதுவரைக்கும் போய்ப் பார்க்கவும் கூடாதா?” பிள்ளைக்கு அமெரிக்காவில் சம்பந்தம் முடிந்த வீடுகளில், ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் பிரம்டனிலும், அடிக்கடி கேட்கும் கேள்வி இது. போகலாம் என்பதுதான் பதில். விண்ணப்பம் நிலுவையில் இருப்பவர் அமெரிக்காவுக்கு வந்துபோகக் கூடாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. ஆனால் எல்லையில் இருக்கும் அதிகாரி உங்களை முதலில் குடியேற வருபவராகவே கொள்வார். அப்படிக் கொள்ளும்படி அமெரிக்கக் குடிவரவுச் சட்டமே சொல்கிறது. “இல்லை, பார்த்துவிட்டுத் திரும்பி வரப்போகிறேன்” என்று காட்டவேண்டியது உங்கள் பொறுப்பு. நிலுவையில் உள்ள விண்ணப்பம் அவருடைய சந்தேகத்துக்கு ஒரு காரணத்தைக் கூடுதலாகக் கொடுக்கிறது, அவ்வளவுதான்.

ஆகவே இந்தப் பயணத்தின் ஆயத்தம் எல்லாம் ஒரே கேள்வியைச் சுற்றியது: நீங்கள் திரும்பி வருவீர்கள் என்பதை எதை வைத்து நம்புவது? அதற்கு உண்மையான பதிலும் அதைத் தாங்கும் கடதாசியும் இருந்தால் பயப்பட ஒன்றுமில்லை. பொய் சொல்லி உள்ளே போக நினைப்பவர் மட்டும் இங்கேயே நின்றுவிடுவது நல்லது. ஏன் என்பதைக் கீழே சொல்கிறேன்.

கையில் இருப்பது எந்தக் கடவுச்சீட்டு?

கனடியக் குடியுரிமை உள்ளவருக்குச் சுற்றுலா விசா தேவையில்லை. செல்லுபடியாகும் கனடியக் கடவுச்சீட்டோடு போனால், அனுமதி கிடைக்கும்போது வழக்கமாக ஆறு மாதம்வரை தங்க இடமுண்டு. இந்தக் கட்டுரையின் பெரும்பகுதி அவர்களுக்கானது.

கனடாவில் நிரந்தர வதிவிட உரிமை மட்டும் பெற்று, இலங்கை அல்லது இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவரின் நிலை வேறு. பிஆர் காட் இருக்கிறது, எல்லையில் காட்டினால் விடுவார்கள் என்று எண்ணி எல்லைப் பாலம்வரை போகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். விடமாட்டார்கள். உங்களுக்கு பி-2 வருகை விசா வேண்டும். அதற்கான டிஎஸ்-160 படிவத்தில், உங்களுக்காக எவராவது குடிவரவு மனு போட்டிருக்கிறாரா என்று நேரடியாகவே ஒரு கேள்வி இருக்கிறது. கணவன் அல்லது மனைவியை அழைக்கும் ஐ-130 மனு போட்டிருந்தால் “ஆம்” என்றுதான் எழுத வேண்டும். எழுதினால் விசா கிடைப்பது கடினமாகலாம், அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் “இல்லை” என்று எழுதுவது, வரவிருக்கும் குடிவரவு விசாவையும் சேர்த்துக் கெடுக்கக்கூடிய பொய். ஏற்கெனவே செல்லுபடியாகும் பி-2 விசா இருந்தால் அதைப் பயன்படுத்தலாம். இல்லாதவர்களுக்கு என் யோசனை, துணையைக் கனடாவுக்கு வரச்சொல்லுங்கள் என்பதே. அமெரிக்கக் குடிமகனுக்குக் கனடா வர விசா வேண்டாம், இணையவழி முன்னனுமதியும் வேண்டாம். கிறீன் காட் உள்ளவர் தன் நாட்டுக் கடவுச்சீட்டையும் கிறீன் காட்டையும் கொண்டுவந்தால் போதும். குடித்துவிட்டு வாகனம் ஓட்டிய பழைய வழக்கு ஏதும் அவருக்கு இருந்தால் மட்டும் முதலில் ஒரு சட்டத்தரணியைக் கேட்கச் சொல்லுங்கள். அதைக் கனடா 2018 டிசம்பரிலிருந்து கடுமையான குற்றமாக எடுத்துக்கொள்கிறது.

எந்த விண்ணப்பம் போட்டிருக்கிறீர்கள்?

கலியாணம் முடித்தவர்களுக்கு ஐ-130 மனு. கலியாணத்துக்கு முன்பே அழைப்பதற்கு ஐ-129எஃப் மனு, அதன்வழி வருவது கே-1 விசா. கே-1 மனுவை அமெரிக்கக் குடிமகன் மட்டுமே போடலாம். அந்த விசாவில் போனவர் 90 நாளுக்குள் அவரையே மணம் முடிக்க வேண்டும்.

கே-1 காத்திருப்பவர்கள் இந்த இடத்தைக் கவனமாகப் படியுங்கள். அந்த விசாவுக்கு நீங்கள் இருவரும் மணமாகாதவர்களாக இருக்க வேண்டும். பார்க்கப் போன இடத்தில் “எழுத்தை மட்டும் இப்பவே முடிச்சுவிடுவம்” என்று பெரியவர்கள் ஆசைப்பட்டு நகரசபையில் பதிவு செய்தால், அந்த நிமிடமே கே-1 மனு பயனற்றுப் போகும். ஐ-130 போட்டு வரிசையின் கடைசியிலிருந்து தொடங்க வேண்டும். பதிவு இல்லாமல் கோயிலில் தாலி கட்டினாலும் ஆபத்துத்தான். மாலையும் தாலியுமாக நிற்கும் படங்களைப் பார்க்கும் தூதரக அதிகாரி, இவர்கள் ஏற்கெனவே மணமுடித்தவர்கள் என்று முடிவுகட்ட இடமுண்டு. நம்முடைய நிச்சயதார்த்தமே சேலை, நகை, ஐயர், நூறு பேருக்குச் சாப்பாடு என்று கலியாணம்போலத்தான் தெரியும். ஆகவே இந்தப் பயணத்தில் மோதிரம் மாற்றுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வீட்டுப் பெரியவர்களிடம் முன்கூட்டியே இருந்து பேசி விளங்கப்படுத்துங்கள். நல்லநாள் தவறிவிடும் என்று அவர்கள் கவலைப்படுவார்கள். விசா வந்தபின் இன்னொரு நல்லநாள் பார்க்கலாம் என்று சொல்லுங்கள்.

ஐ-130 காரருக்கு இந்தச் சிக்கல் இல்லை. அவர்களுக்கு வருவது வேறு சோதனை: போன இடத்திலேயே தங்கிவிட்டு அங்கிருந்தே கிறீன் காட்டுக்கு விண்ணப்பிக்கலாம் என்று யாராவது சொல்வார்கள். தங்கிவிடும் எண்ணத்தை மனதில் வைத்துக்கொண்டு “சும்மா பார்க்க வந்தேன்” என்று சொல்லி நுழைவது, உண்மையை மாற்றிச் சொல்லி அனுமதி பெறுவதாகும். அப்படிப் பொய் சொன்னது நிறுவப்பட்டால் வரும் தடைக்கு ஆண்டுக் கணக்குக் கிடையாது, அது ஆயுள் முழுவதற்குமானது. விலக்கு மனு என்று ஒன்று உண்டு. அது தனி வழக்கு, தனிச் செலவு, தனிக் காத்திருப்பு. இரண்டு வாரச் சந்திப்புக்காக இதைப் பணயம் வைக்காதீர்கள்.

கோப்பு

ஒரு கோப்பை ஆயத்தம் செய்து கையில் வைத்திருங்கள். காரின் பின்பெட்டியிலோ ஏற்றிவிட்ட சூட்கேசிலோ இருந்தால் வேண்டிய நேரத்தில் உதவாது. கைபேசியில் இருக்கிறது என்று நம்பவும் வேண்டாம், விசாரணை அறையில் கைபேசியைப் பயன்படுத்த விடாமல் இருக்கலாம். அச்சடித்த கடதாசியே நல்லது.

அதில் முதலாவது, வேலையிடத்துக் கடிதம். நீங்கள் நிரந்தர ஊழியர், இன்ன திகதியிலிருந்து இன்ன திகதிவரை விடுமுறை, இன்ன திகதி வேலைக்குத் திரும்ப வேண்டும் என்று மூன்று வரி இருந்தாலே போதும். எல்லாக் கடதாசியிலும் பெறுமதி கூடியது இது. அதோடு அண்மைய சம்பளச் சீட்டுகள். படிப்பவரானால் பல்கலைக்கழகப் பதிவும் அடுத்த பருவப் பாட அட்டவணையும். வீட்டு வாடகை ஒப்பந்தம் அல்லது வீட்டுக்கடன் கூற்று, உங்கள் பெயரில் வரும் மின்சார அல்லது தொலைபேசிப் பில், கார் காப்புறுதி, வங்கிக் கூற்று. விமானமென்றால் திரும்பும் டிக்கெற், பயணக் காப்புறுதி. பெற்றோருடன் இருப்பதால் வாடகை ஒப்பந்தம் இல்லை என்றால் குறையில்லை. உங்கள் பெயருக்கு அந்த விலாசத்துக்கு வரும் அரசாங்கக் கடிதம் ஒன்றை வையுங்கள்.

மனு கிடைத்தது என்று அமெரிக்கக் குடிவரவுத் திணைக்களம் அனுப்பிய அறிவித்தலின் பிரதியையும் வைத்திருங்கள். கேட்டால் கொடுக்கலாம். நான் அதை ஒரு நல்ல சான்றாகவே பார்க்கிறேன்: முறையான வழியில் காத்திருக்கிறவர், குறுக்கு வழியில் போய் அந்த வழியைத் தானே கெடுத்துக்கொள்ளக் காரணம் இல்லை. கேட்கப்பட்டால் அதை இதே வார்த்தைகளில் சொல்லலாம்.

வேலை இல்லாத காலத்தில், வாடகை வீட்டையும் விட்டுவிட்ட நிலையில் போவது கடினம். சட்டப்படி அது தடையில்லை, ஆனால் அதிகாரியிடம் காட்ட உங்களிடம் ஒன்றும் இராது. அந்த நேரத்தில் துணை இங்கே வருவதே சரி.

பெட்டியில் என்ன இருக்கிறது?

நான்கு நாள் போகிறவரிடம் நான்கு நாள் பெட்டி இருக்க வேண்டும். மூன்று பெரிய சூட்கேஸ், குளிர்காலச் சட்டையும் கோடைச் சட்டையும், பிறப்புச் சான்றிதழின் மூலப்பிரதி, பட்டச் சான்றிதழ், வேலை தேடும் சுயவிபரம் எல்லாம் சேர்ந்திருந்தால், அது குடிபெயரும் பெட்டி என்று யாருக்கும் தெரியும். கூறைச் சேலை, தாலிக்கொடி, அச்சடித்த அழைப்பிதழ் எதுவும் இந்தப் பயணத்தில் வேண்டாம். “எப்படியும் அங்கதானே வேணும், கொஞ்சம் கொஞ்சமாக் கொண்டுபோய் வைக்கலாம்” என்று அம்மா ஒவ்வொரு முறையும் ஒன்றைத் திணித்துவிடுவார். அன்போடு எடுத்து வெளியே வையுங்கள்.

நகை போட்டுக்கொண்டு போகிறவர்கள், திரும்பும்போது “இது அங்கே வாங்கியதா” என்று கனடியச் சுங்கம் கேட்டால் காட்ட, நகைக்கடைப் பற்றுச்சீட்டையோ மதிப்பீட்டுப் பத்திரத்தையோ படத்தோடு வைத்திருங்கள். பத்தாயிரம் டொலருக்கு மேல் காசு கொண்டுபோனால் அறிவிக்க வேண்டும். அறிவித்தால் வரி இல்லை, மறைத்தால் பறிபோகும்.

சாப்பாட்டில் ஒன்று முக்கியம்: பச்சைக் கறிவேப்பிலை கொண்டுபோகாதீர்கள். எலுமிச்சை, தோடை மரங்களை அழிக்கும் நோயைப் பரப்பும் பூச்சி அதில் தங்கும் என்பதால் அமெரிக்கா அதைத் தடுத்திருக்கிறது. மற்ற எந்த உணவையும் “இருக்கிறது” என்று சொல்லிவிடுங்கள். சொன்ன பொருள் தடையானதென்றால் அதை எடுத்துக்கொண்டு உங்களை விடுவார்கள், சொல்லாத பொருளுக்குத் தண்டம் வரும். கஞ்சா கனடாவில் 2018 ஒக்டோபரிலிருந்து சட்டபூர்வம் என்றாலும் அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத்தில் குற்றம். அதன் துணுக்குக்கூட காரில் இருக்கக் கூடாது.

விமானமா, பாலமா?

ரொறன்ரோ பியர்சனிலிருந்து பறந்தால் அமெரிக்க அதிகாரியை நீங்கள் சந்திப்பது பியர்சனிலேயே. மொன்றியல், ஒட்டாவா, வன்கூவர், கல்கரி உட்பட வேறு விமான நிலையங்களிலும் இந்த முன்சோதனை உண்டு. மறுத்தாலும் நீங்கள் கனடிய மண்ணிலேயே நிற்கிறீர்கள், டிக்கெற் காசு போகும், வீட்டுக்குப் போகலாம். போகும் எண்ணத்தைக் கைவிட்டுப் பின்வாங்கவும் உரிமை உண்டு, ஏன் என்று கேட்டால் உண்மையைச் சொல்ல வேண்டும். முதல்முறை போகிறவருக்கு நான் சொல்வது இந்த வழியைத்தான். நேரத்தை மட்டும் தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே விசாரணைக்கு அழைத்தால் விமானம் காத்திராது.

காரில் போனால் போர்ட் எரியில் பீஸ் பிரிட்ஜ், நயாகராப் பக்கம் ரெயின்போ பிரிட்ஜ், குயீன்ஸ்ரன் லூயிஸ்ரன் பாலம், வின்சரில் அம்பாசிடர் பிரிட்ஜ் என்று வழிகள் பல. “அந்தப் பாலத்தில விடுவினம், இந்தப் பாலத்தில விடமாட்டினம்” என்ற பேச்சை நம்ப வேண்டாம். எல்லாரும் பார்ப்பது ஒரே கணினியை. ஒரு பாலத்தில் மறுத்த அன்றே அடுத்த பாலத்துக்கு ஓடுவது மிக மோசமான யோசனை. பாலத்தில் அதிகாரி அமெரிக்க மண்ணில் இருக்கிறார். தேவையென்று கண்டால் விரைவு வெளியேற்ற உத்தரவு எழுத அவருக்கு அதிகாரம் உண்டு. அது ஐந்து வருடத் தடை.

வான் வண்டியில் சித்தப்பா, சித்தி, மச்சான் என்று ஏழு பேராகப் போவது நம் வழக்கம். இந்தப் பயணத்துக்கு அது பொருந்தாது. ஒருவரின் குடிவரவு நிலை சிக்கலானால் எல்லாரும் உள்ளே விசாரணைக்குப் போக நேரும். நீங்கள் “பார்க்கப் போகிறேன்” என்பீர்கள், பின் இருக்கையிலிருந்து சித்தி “கலியாணத்துக்கு” என்பார். முதல் தடவை தனியாகப் போங்கள்.

கேள்வி நேரம்

எங்கே போகிறீர்கள், யாரைப் பார்க்க, எத்தனை நாள், அவர் உங்களுக்கு யார், எப்படி அறிமுகம், நீங்கள் என்ன வேலை, விடுமுறை எத்தனை நாள். கேட்பது பெரும்பாலும் இவைதான். கேட்டதற்கு மட்டும், சுருக்கமாக, உண்மையாகப் பதில் சொல்லுங்கள். கேட்காத மனுவைப் பற்றி நீங்களாகவே விரிவுரை நடத்தத் தேவையில்லை. ஆனால் “அவர் உங்களுக்கு யார்?” என்றால் “என் கணவர்” அல்லது “என்னை மணக்கப்போகிறவர்” என்றுதான் பதில். “நண்பர்” என்று சொல்லாதீர்கள். மனு அவர்களுடைய கணினியில் தெரியக்கூடும். உண்மை தெரிந்த ஒருவரிடம் நண்பர் என்று சொன்ன நிமிடத்திலிருந்து உங்கள் மற்ற எல்லாப் பதிலும் சந்தேகத்துக்குள்ளாகும்.

“அங்கே போய் இருந்துவிடும் எண்ணமா?” என்றால்: “இல்லை. எங்கள் மனு நடந்துகொண்டிருக்கிறது. விசா கிடைத்தபின்தான் குடிபெயர்வேன். பதினெட்டாம் திகதி வேலைக்குத் திரும்ப வேண்டும், கடிதம் இருக்கிறது.” கடிதத்தை நீட்டுங்கள்.

கைபேசியைத் திறந்து காட்டச் சொல்லலாம். அமெரிக்கர் அல்லாத ஒருவர் மறுத்தால், அதையே காரணமாக்கித் திருப்பி அனுப்பலாம். “இந்தமுறை வந்தால் திரும்பிப் போகமாட்டன்” என்று ஏக்கத்தில் எழுதிய ஒரு வாட்ஸப் வரி அங்கே ஏக்கமாக வாசிக்கப்படாது. துணையிடமும் சொல்லிவையுங்கள்: அவருக்கு அதிகாரி தொலைபேசி எடுக்கக்கூடும், அந்த நேரத்தில் அவர் எடுக்கக்கூடிய நிலையில் இருக்க வேண்டும், திரும்பும் திகதி அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

ஆங்கிலம் தடுமாறினால் தலையாட்டி ஒப்புக்கொள்ளாதீர்கள். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள். விளங்காமல் சொன்ன “யெஸ்” உங்கள் வாக்குமூலமாகப் பதிவாகிவிடும்.

உள்ளே அழைத்தால், மறுத்தால்

இரண்டாம் நிலை விசாரணைக்கு அழைப்பது தண்டனையல்ல. சில மணிநேரம் ஆகலாம். முன்பு சொன்னதையே சொல்லுங்கள், கோப்பைக் கொடுங்கள், கோபப்படாதீர்கள், அழுகை வந்தால் வரட்டும். அந்த அறையில் வழக்கறிஞரை அழைக்கும் உரிமை உங்களுக்கு இல்லை.

நம்பிக்கை வரவில்லை என்று அதிகாரி சொன்னால், நுழைவு விண்ணப்பத்தை நீங்களே திரும்பப் பெற்றுக்கொள்ள அனுமதி கேளுங்கள். அனுமதிப்பது அவர் விருப்பம், ஆனால் உண்மை பேசியவருக்குப் பெரும்பாலும் அனுமதிப்பார்கள். இப்படித் திரும்பினால் பதிவு இருக்கும், தடை இருக்காது. கையெழுத்துப் போடச் சொல்லும் தாளை முழுவதும் வாசித்த பிறகே போடுங்கள். நீங்கள் சொல்லாத ஒன்று அதில் இருந்தால் திருத்தக் கேளுங்கள். தரும் பிரதியைப் பத்திரப்படுத்துங்கள்.

அன்றிரவு மனது உடையும். பாலத்தின் அந்தப் பக்கம் ஒருவர் காரில் காத்திருக்கும்போது திரும்பி வருவது இலேசான காரியமல்ல. ஆனாலும் திருப்பி அனுப்பப்பட்டதால் மட்டும் உங்கள் மனு நின்றுவிடாது. பின்னால் வரும் விசாப் படிவங்களிலும் நேர்காணலிலும் “நுழைவு மறுக்கப்பட்டதா, திரும்பப் பெற்றீர்களா” என்று கேட்கப்பட்டால் ஆம் என்று சொல்லி, நடந்ததைச் சொன்னால் போதும். மறுபடி போவதாக இருந்தால், அன்று எந்தச் சான்று போதவில்லை என்றார்களோ அதை முதலில் தேடுங்கள். விசா வரும்வரை வரவேண்டாம் என்று நேரே சொல்லியிருந்தால் அதைக் கேளுங்கள்.

முன்பு அமெரிக்காவில் அனுமதிக் காலம் கடந்து தங்கியவர்கள், பழைய நாடுகடத்தல் உத்தரவோ குற்றப்பதிவோ உள்ளவர்கள், இந்தக் கட்டுரையை நம்பிப் புறப்படக் கூடாது. அமெரிக்கக் குடிவரவுச் சட்டத்தரணி ஒருவரைப் பார்த்துவிட்டே போக வேண்டும்.

அங்கே இருக்கும்போது

சொன்ன திகதிக்குத் திரும்புங்கள். ஆறு மாதம் கொடுத்திருந்தாலும் பத்து நாள் என்று சொன்னவர் பத்து நாளில் வருவதே அடுத்த பயணத்துக்குத் துணை. முதல் பயணம் ஒரு நீண்ட வார இறுதியாக இருக்கட்டும், பிறகு மெல்ல நீட்டலாம். கனடாவில் இருந்ததைவிட அங்கே இருந்த நாள் கூடினால், எங்கே வாழ்கிறீர்கள் என்ற கேள்வி தானாகவே எழும். 2025 டிசம்பர் 26 முதல் கனடியர் உட்பட எல்லா வெளிநாட்டவரையும் நுழையும்போதும் வெளியேறும்போதும் படமெடுக்கும் விதி நடைமுறைக்கு வந்துவிட்டது. நாட்கணக்கை மறைக்க வழியில்லை.

தரைவழி போகும் கனடியருக்கு ஐ-94 எனப்படும் வருகைப் பதிவு பெரும்பாலும் போடப்படுவதில்லை. அப்படிப் போய் 30 நாளோ அதற்கு மேலோ தங்குவதென்றால், 2025 ஏப்ரல் 11 முதல் ஜி-325ஆர் படிவத்தால் இணையத்தில் பதிந்துகொள்ள வேண்டும். விமானத்தில் போனவருக்கு ஐ-94 இருக்கும், அதுவே பதிவாகக் கொள்ளப்படும்.

அங்கே சம்பளத்துக்கு எந்த வேலையும் செய்யக் கூடாது. தெரிந்தவர் கடையில் நிற்பதும், காசுக்குக் குழந்தை பார்ப்பதும் வேலைதான். ஒன்ராறியோ சுகாதாரக் காப்பு நிலைக்க, எந்தப் பன்னிரண்டு மாதத்திலும் 153 நாளாவது மாகாணத்தில் இருக்க வேண்டும். அமெரிக்க மருத்துவமனைக் கட்டணத்தில் அது தருவது மிகச் சிறு தொகை, ஆகவே பயணக் காப்புறுதி இல்லாமல் புறப்பட வேண்டாம்.

குடிவரவு விசா நேர்காணல் மொன்றியல் துணைத்தூதரகத்தில் நடக்கும். திகதி கிட்டியபின் பயணம் எதுவும் போடாதீர்கள், கடவுச்சீட்டு அவர்கள் கையில் இருக்கும் நாட்கள் அவை.

திரும்பி வந்ததும்

கனடாவுக்குள் நுழையும்போது 48 மணிநேரத்துக்கு மேல் வெளியே இருந்தவருக்கு 800 டொலர் பெறுமதிவரை வரியின்றிப் பொருள் கொண்டுவரலாம், 24 மணிநேரத்துக்கு மேலென்றால் 200 டொலர். அன்பளிப்பாகக் கிடைத்த நகையும் பொருள்தான், அறிவியுங்கள்.

பிறகு விமானச் சீட்டு, பாலக் கட்டணப் பற்றுச்சீட்டு, சேர்ந்து எடுத்த படங்கள், சேர்ந்து சாப்பிட்ட கடைப் பில் எல்லாவற்றையும் திகதி எழுதி அதே கோப்பில் போடுங்கள். நேர்காணல் நாளில் உங்கள் உறவு உண்மையானது என்று காட்ட அவை வேண்டும். சொன்ன நாளில் திரும்பியதற்கும், அடுத்தமுறை எல்லையில் நிற்கும்போது, அவையே சாட்சி.